பன்னிரண்டுக்கு நான்கு

கமலாம்பிகையின் குரல் அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக இருந்தது. ஆகச் சிறிய துண்டு ‘சரி’. அரை விநாடிகூட ஓடாது. ஆகப் பெரியது நாற்பது விநாடி. உடம்பில் ஏறுகிற நிலைமின்சாரம் ஒரு ஐசி சில்லை எப்படிச் சத்தமில்லாமல் கொல்லும் என்று சொல்வது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, நம்பர் போட்டு, எத்தனை விநாடி, எந்தப் பாடத்தில் எந்தத் திரையில் வரும், எது தொடங்கினால் எது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். பெற்ற பிள்ளைகளைப் போல என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அவளுக்குப் பிள்ளையும் இல்லை, கல்யாணமும் இல்லை, பிள்ளைகளை அவ்வளவாகப் பிடிக்கவும் பிடிக்காது.

தொண்ணூற்று எட்டாம் வருஷம் அவளுக்கு வயது நாற்பத்தேழு. அப்பா அம்பிகைபாகன் பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்து, கை கறைபடாமல் வேலை செய்து, கை கறைபடாமல் செத்துப்போனவர். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு உத்தியோகம்தான் சொத்து என்று அந்த வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கான்வென்டில் இங்கிலீஷ், ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் தமிழ். இரண்டையும் அவள் பிழையில்லாமல் பேசுவாள். பிழையோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் அவள் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு வரும். அது வருவது அவளுக்கே தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபத்து நான்கு வருஷம் டைப் அடித்தாள். ஏஜென்சியை மூடினார்கள். பதினான்கு மாதம் பினாங்கின் ஜார்ஜ் டவுன் முழுக்கப் படியேறி இறங்கினாள். ஓரிடத்தில், அவளுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவன் வயதிருக்கும் ஒருவன் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “ஆன்ட்டி, இங்கே டைப்ரைட்டரே இல்லையே, உங்களை எங்கே உட்கார வைக்கிறது?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துகிற பட்டன் எதுவும் இருக்கவில்லை.

கடைசியில் பர்மா ரோட்டில், மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில், மிஸ்டர் ஊய் அவளை எடுத்துக்கொண்டார். ஃபேக்டரிகளுக்குப் பாடம் செய்து சீடியில் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஃபேக்டரிகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் ஒரு தொழிலாளி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். காதில் ஹெட்போன். மலாய், இங்கிலீஷ், மாண்டரின், தமிழ் என்று நான்கு பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் அந்த மொழியில் பாடம் பேசும், கேள்வி கேட்கும், கடைசியில் மார்க் போடும். ஆபீசில் மூன்றே பேர். கட்டளை போட ஊய், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்துக் கட்ட நோர்மா, நான்கு மொழித் துண்டுகளையும் காவல் காக்கக் கமலாம்பிகை. தமிழ்க் குரலும் அவளே. மற்றக் குரல்கள் வெளியிலிருந்து வந்து பேசிவிட்டுப் போகும்.

நோர்மாவுக்கு இருபத்தாறு வயது, வாய் ஓயாது. கமலாம்பிகையை மலாய்க்காரர் வழக்கப்படி ‘காக்’, அக்கா, என்று கூப்பிட்டு, முதல் வாரமே மலாயில் ஒரு விதி சொல்லிக்கொடுத்தாள். “காக் கமலா, ஒண்ணை நிறுத்தாம இன்னொண்ணைத் தொடங்கக்கூடாது. ஆளுங்க பொறுமையா கேக்கமாட்டாங்க. பாதியில அடுத்த பட்டனை அழுத்துவாங்க. அப்ப என்ன ஆகும்னு கேளுங்க.” அழுத்திக் காட்டினாள். ஒரு கமலாம்பிகை கையுறை போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இன்னொரு கமலாம்பிகை அவள் தலைமேல் ஏறி, தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று பேசினாள். நோர்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “வீட்டுலயும் இப்படித்தான் தனியா சண்டை போடுவீங்களா காக்?”

கமலாம்பிகை சிரிக்கவில்லை. அன்றே உட்கார்ந்து கோடு போட்டு ஒரு பட்டியல் எழுதினாள். அதற்கப்புறம் அந்த ஆபீசிலிருந்து போன எந்தச் சீடியிலும் இரண்டு குரல் ஒன்றாகப் பேசியதில்லை. ஊய் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, “நல்லா இருக்கு லா” என்றார். இருபத்து நான்கு வருஷம் கப்பல் ஏஜென்சியில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அதைச் சொன்ன மனிதருக்காக அவள் எதுவும் செய்வாள்.

ஊய் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற கொடுமைகளை எல்லாம் செய்வார். மாண்டரின் பேச வந்த கிழவர் ஒரு இடத்தில் ‘மூன்று தரம்’ என்பதற்கு ‘இரண்டு தரம்’ என்று சொல்லிவிட்டார். ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது. ஊய் கிழவரின் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே மழைகூட இல்லை.

அவருடைய இன்னொரு பயம் நான்கு. பினாங்குச் சீனர்களுக்கு நான்காம் நம்பர் ஆகாது என்பது தெரிந்ததுதான்; அவர்கள் மொழியில் நான்கு என்றால் சாவு மாதிரி ஒலிக்கும். பாதிக் கட்டடங்களில் மூன்றாம் மாடிக்கு மேல் நான்காம் மாடி இருக்காது. ஊய் தன் பாடங்களிலும் அதை ஒழித்திருந்தார். திரைகளுக்கு நம்பர் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஐந்து. துண்டுகளுக்கும் அதே நம்பர்தான். ஐந்தாம் திரை வந்தால் கம்ப்யூட்டர் போய் ஐந்தாம் நம்பர் துண்டை எடுத்துப் பேசவைக்கும். கமலாம்பிகை இதை மனசுக்குள் ஏளனம் செய்தாள். படிக்காத பயம் என்று நினைத்தாள். நினைத்தாலும் மறக்காமல் நான்கை விட்டுவிட்டே எழுதினாள்.

அவளுக்கு ராகுகாலம் இருந்தது. அது வேறு.

ஆறாம் பாடம் கண் பரீட்சை. பாயான் லெப்பாஸில் மைக்ரோஸ்கோப் பார்க்கிற பெண்களுக்காக ஒரு ஃபேக்டரி கேட்டு வாங்கியது. அந்த வருஷம் ஆர்டர் விழுந்துபோய் ஆள் குறைக்கிற வருஷம். யாரைக் குறைப்பது என்று ஃபேக்டரிக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஐசி. ஒன்று நல்லது. மற்றதில் ஒரு கால் வளைந்திருக்கும், அல்லது மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஒரு கேள்வியில் குரல் சொல்லும்: “இரண்டில் நல்லதை அழுத்துங்கள்.” அடுத்த கேள்வியில்: “இரண்டில் பழுதானதை அழுத்துங்கள்.” ஆட்கள் தூங்கி வழியாமல் இருக்க ஒன்று மாற்றி ஒன்று. எழுத்து எதுவும் கிடையாது; குரல்தான். சரி, தவறு என்று நடுவில் சொல்லவும் செய்யாது. மொத்தம் பன்னிரண்டு கேள்வி. ஒன்பது வாங்கினால் பாஸ்.

கமலாம்பிகை ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகப் பேசுவாள். இரண்டே வாக்கியம்தானே, இரண்டு துண்டு போதுமே என்று நோர்மா சொன்னாள். ஒரே துண்டு ஆறு தரம் வந்தால் கிளிப்பிள்ளை மாதிரி இருக்கும், கேட்கிறவர்களுக்கு மரியாதை இல்லை என்று கமலாம்பிகை மறுத்துவிட்டாள். அவள் அப்படிப்பட்டவள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மைக் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று கேள்வி பேசி முடித்தபோது மணி பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். புதிதாக ஒரு வேலையும் தொடங்கமாட்டாள். நாலாவது கேள்வியைத் தொடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, கீழே போய்த் தேத்தண்ணி குடித்து, தபால் ஆபீசுக்குப் போய், பன்னிரண்டு அடித்தபின் திரும்பி வந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். கடைசியாக எழுதியிருந்த நம்பர் மூன்று. அதன் கீழே, எண்ணத் தெரிந்த யாரும் எழுதுகிற மாதிரி, நான்கு என்று எழுதினாள். அப்புறம் ஐந்து, ஆறு. பன்னிரண்டு வரை ஒரே மூச்சு.

நோர்மா கோத்துப் பார்த்தபோது ஒரு துண்டு குறைந்தது. “காக், பதிமூணாம் நம்பர் இல்லையே!” என்று கூப்பிட்டாள். கடைசிக் கேள்வியைப் பதியாமல் விட்டுவிட்டேன் போல என்று நினைத்து, கமலாம்பிகை அதை இன்னொரு தரம் பேசிப் பதிமூன்று என்று பெயர் வைத்துக் கொடுத்தாள். நோர்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு திரையிலும் குரல் வருகிறதா என்று மட்டும் பார்த்தாள். வந்தது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் கமலாம்பிகையின் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே குணவதி இருந்தாள். பதினேழு வருஷமாக அதே ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருப்பவள். புருஷன் கெப்பாலா பத்தாஸில் இன்னொருத்தியோடு இருந்தான். மகள் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம். கமலாம்பிகை அவளோடு ஒரு அளவோடுதான் பழகுவாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள், ஃபேக்டரிச் சட்டையோடு பாசார் சந்தைக்குப் போகிறவள். ஆனாலும் புதிய வேலையின் பெருமையைச் சொல்ல ஆள் வேண்டுமே. லிஃப்டில் ஒருநாள் சொன்னாள்.

“உங்கட ஃபேக்டரிக்கு என்ர குரல் வரப்போகுது, குணவதி. அடுத்த மாசம் பரீட்சை.”

“நெசமாவாக்கா? ரேடியோக்காரங்க மாதிரியா?”

“அதைவிடத் திருத்தமா. நீ என்ன பட்டன் அழுத்தப்போறாய்? மலாயா?”

“மலாய் பேச வரும்க்கா. பரீட்சைன்னு மலாய்ல கேட்டா கையி சில்லுன்னு ஆயிடும்.”

“தமிழை அழுத்து. தெளிவாச் சொல்லியிருக்கிறன். பயப்படாமச் சொல்றதைக் கேள்.”

“சரிக்கா. நீங்க சொன்னா கேக்காம இருப்பனா?”

பரீட்சை நடந்து பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குணவதி கதவைத் தட்டினாள். கையில் ஃபேக்டரிக் கடிதம். கண் வீங்கியிருந்தது, வாய் மட்டும் சிரித்தபடி இருந்தது.

“வேலை போச்சிக்கா. பெயிலு.”

கமலாம்பிகை கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். கண் பரீட்சையில் தேறவில்லை. மாத முடிவோடு நிறுத்தம். மேல்முறையீடு செய்வதென்றால் பதினான்கு நாளுக்குள் எழுதித் தரவேண்டும்.

“எத்தனை மார்க்?”

“நாலு. பன்னெண்டுக்கு நாலு. பதினேழு வருசமா ஒரு நாளைக்கு நாலாயிரம் பீசு பாக்குறேன். தலைமயிர்ல பாதி கனம் கிராக்கு இருந்தாலும் சொல்லிருவேன். எனக்கு நாலு.”

“மற்ற ஆக்கள்?”

“சின்னப் பொண்ணுங்க எல்லாம் மலாயை அழுத்திச்சிங்க, பாஸு. தமிழை அழுத்துனது ஒம்பது பேரு. ஒம்பது பேரும் பெயிலு. அதுலயும் பாருங்கக்கா ஒரு கூத்து. எட்டுப் பேருக்கு நாலு, நாலு, நாலு. ஒரே மாதிரி. வள்ளியம்மா இருக்கா பாருங்க, கண்ணுல பூ விழுந்தவ, ஆப்ரேசனுக்குத் தேதி வாங்கியிருக்கா. அவளுக்கு ஏழு! குருடிதான் எங்கள்ல பஸ்ட்டு.” குணவதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “சூப்பர்வைசர் சலேஹா சொன்னா, மலாயை அழுத்து குணா, சேஃப்னு. நான்தான் கேக்கல. எங்க அக்கா குரலு, நான் இதத்தான் கேப்பேன்னேன். ஹெட்போனை மாட்டுனதும் உங்க குரலு. நெஞ்சு அடிச்சிக்கிட்டிருந்தது அப்படியே நின்னுபோச்சி. நீங்க நல்லதை அழுத்துன்னா நல்லதை அழுத்துனேன். பழுதுன்னா பழுது. எல்லாம் கரெக்டாத்தான்க்கா அழுத்துனேன்.”

கண்ணில் பூ விழுந்தவளுக்கு ஏழு. கமலாம்பிகை கடிதத்தை மடித்து, மறுபடியும் பிரித்தாள். கணக்கு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏதோ பிசகியிருக்கிறது என்பது மட்டும் பிடிபட்டது.

“இரு, பாப்பம். நாளைக்கு வா” என்றாள்.

திங்கட்கிழமை நோர்மா வருவதற்கு முன் ஆபீசைத் திறந்து, சீடியைப் போட்டு, தமிழை அழுத்தி, ஹெட்போனை மாட்டினாள். முதல் மூன்று திரையும் சரி. அடுத்த திரை ஐந்து. பழுதானதைக் கேட்க வேண்டிய இடம். அவளுடைய குரல், அழகாக, நிதானமாக, கோயில் வகுப்பில் பரிசு வாங்கிய உச்சரிப்போடு, “இரண்டில் நல்லதை அழுத்துங்கள்” என்றது. அடுத்ததில் நல்லதைக் கேட்க வேண்டும்; பழுதைக் கேட்டது. அப்படியே எட்டுத் திரை தலைகீழ். கடைசித் திரை மட்டும் சரி. மூன்றும் ஒன்றும் நான்கு. குரல் சொன்னபடி பிசகாமல் அழுத்துகிறவள் யாராயிருந்தாலும் அவளுக்கு நான்குதான் கிடைக்கும். கண் மங்கித் தடுமாறுகிறவளுக்குத்தான் அதைவிடக் கூடும். ராகுகாலம் முடிந்து வந்து அவள் எழுதிய நாலாம் நம்பர் துண்டு, அதற்குத் திரையே இல்லாததால், யாரும் கூப்பிடாமல் சும்மா கிடந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கீழே மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். அரை நிமிஷத் துண்டு. ஒன்பது பேருக்கும் வேலை திரும்பும்.

ஊய் பத்து மணிக்கு வந்தார். முகத்தில் வழக்கத்துக்கு மாறாக வெளிச்சம்.

“மிஸ்டர் ஊய், ஆறாம் பாடத்தைப் பற்றி ஒண்ணு சொல்லணும்.”

“நானும்தான் சொல்லணும். நீ உட்காரு. அதே கண் பரீட்சையை இன்னும் மூணு ஃபேக்டரி கேக்குது. ஜூலையிலேர்ந்து உன்னை நிரந்தரமாக்குறேன். ஏன்னு தெரியுமா? இதுவரைக்கும் உன் புத்தகத்துல ஒரு தப்பு இல்லை. ஒண்ணே ஒண்ணு வந்திருந்தாலும் அந்த ஃபேக்டரி என்னைக் கொன்னிருக்கும். ஆளுங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க லா அதை வச்சி. இப்பப் போய்த் தப்புன்னா கோர்ட்டு, வக்கீலு. நானும் நீயும் நோர்மாவும் ரோட்டுல.” அவர் சிரித்தார். “நீ என்ன சொல்ல வந்தே?”

அவளுக்கு அந்தப் படிகள் தெரிந்தன. பதினான்கு மாதம் ஏறி இறங்கிய படிகள். ‘ஆன்ட்டி, உங்களை எங்கே உட்கார வைக்கிறது?’

“தமிழ்க் குரல்ல கொஞ்சம் இரைச்சல் இருக்கு. சுத்தம் பண்ணித் தரட்டா?”

“பண்ணு, பண்ணு. புது சீடி எப்படியும் போடணும். பழசையெல்லாம் திருப்பி வாங்கிடலாம்.”

ஒன்பது துண்டுகளுக்குப் பெயர் மாற்ற மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாம் தரம் பேசிய பதிமூன்றை அழித்துவிட்டு, கடைசியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஒரு நம்பர் ஏற்றினாள். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்து, புதிய பக்கத்தில் திருத்தமாக எழுதினாள். நான்கு இல்லை. அன்றைக்கு மத்தியானம் நன்றாகப் பசித்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் குணவதி வந்தாள், வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு.

“இங்கிலீஷ்ல நீங்கதான்க்கா எழுதணும். யூனியன்காரன் எழுதுனா மொரட்டுத்தனமா எழுதுவான். ஒரு விசயம் மறக்காம போடுங்க. எட்டுப் பேருக்கும் ஒரே நாலு எப்படி வரும்? கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு இருக்கு, இன்னொரு தடவ டெஸ்ட் வைங்கன்னு போடுங்க. மைக்ரோஸ்கோப்பு வச்சே டெஸ்ட் பண்ணட்டும், நான் ரெடி.”

“ஓம். போடுறன்.”

“ஆமாங்கிறதுக்கு ஓம்னு சொல்லாதீங்கக்கா, ஐயர் மந்திரம் சொல்ற மாதிரி இருக்கு” என்று குணவதி சிரித்தாள். அவளுக்கு அன்றைக்குத் தெம்பு வந்திருந்தது. படித்த மனுஷி ஒருத்தி தன் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறாள் அல்லவா?

கமலாம்பிகை எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பதினேழு வருஷச் சேவையை எழுதினாள். மகள் படிப்பதை எழுதினாள். எட்டுப் பேருக்கு ஒரே மார்க் வந்ததை எழுதவில்லை. அதை ஒருவன் படித்தால் யோசிப்பான். யோசித்தால் சீடியைக் கேட்பான். பழைய சீடி இன்னும் எல்லாம் திரும்பி வரவில்லை. பேனாவைத் தாளில் வைத்தபடி கொஞ்சம் நிறுத்தினாள். அது மட்டும் போதாது என்று அவளுக்குப் பட்டது. தேடுகிறவனுக்கு ஒரு காரணம் கொடுத்துவிட்டால் வேறு காரணம் தேடமாட்டான். கடைசிப் பத்தியில், அண்மைக்காலமாக என் கண் பார்வை குறைந்து வருவதை நானே உணர்கிறேன், கருணை கூர்ந்து பார்வை தேவைப்படாத வேறு வேலை தர வேண்டுகிறேன் என்று நல்ல இங்கிலீஷில் எழுதி முடித்தாள்.

“அந்த நாலு மார்க்கு விசயம் போட்டீங்களாக்கா?”

“போட்டிருக்கு.”

“எங்கக்கா?”

கமலாம்பிகை விரலை வைத்துக் காட்டினாள், கண் பார்வை என்று எழுதிய வரியில். குணவதி குனிந்து அந்த வரியைப் பார்த்தாள், புரியாத எழுத்தை மரியாதையோடு பார்க்கிற பார்வை. “அழகா இருக்குக்கா” என்றாள். பிறகு தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கையெழுத்துப் போட்டாள்.

“மத்தவங்களும் உங்ககிட்ட எழுதி வாங்கிக்கலாமான்னு கேட்டாங்க.”

“கூட்டமாப் போனா ஃபேக்டரிக்காரனுக்குக் கோபம் வரும். உன்னை மட்டும் முதல்ல பாப்பம். அவையிட்ட ஒண்டும் சொல்லாதே.”

குணவதி சொல்லவில்லை. பதினான்கு நாளும் அப்படியே போயின. மற்ற எட்டுப் பேருக்கும் காலம் கடந்துபோனது. அந்தக் கோபத்தில் அவர்களில் இரண்டு பேர் குணவதியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தனியாகக் கடிதம் கொடுத்துத் தப்பிக்கப் பார்த்தவள் என்று பாசாரில் வைத்துக் கேட்டார்கள்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. குணவதி அதைப் பிரிக்காமலேயே மேலே கொண்டுவந்தாள்.

“படிங்கக்கா. எனக்குப் பிரிக்கப் பயமா இருக்கு.”

கமலாம்பிகை பிரித்துப் படித்தாள், மைக் முன்னால் படிக்கிற அதே குரலில், தடுமாறாமல். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் பார்வை குறைந்திருப்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால் பரீட்சை முடிவை மாற்றக் காரணம் இல்லை. வேறு வேலை எதுவும் இப்போது காலியில்லை. தங்கள் நேர்மைக்கு நன்றி. இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் சொன்னபோது ‘தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால்’ என்பதை விட்டுவிட்டாள். உன் கண்ணில் குறை இருக்குதாம், மாற்ற முடியாதாம், அவ்வளவுதான்.

குணவதி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணைப் பத்தி அவனுங்களுக்கு எப்படித் தெரியும்க்கா?”

“பரீட்சையில தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப நெசமாத்தான் போல.” தன் கையை முகத்துக்கு எதிரே நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தாள். “எனக்கு நல்லாத்தான் தெரியுது. நீங்க என்ன நெனைக்கிறீங்கக்கா? நீங்க படிச்சவங்க. சொல்லுங்க.”

இது இன்னொரு இடம். சொல்வதற்குக் கதவு திறந்தே இருந்தது. கமலாம்பிகை ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜூலைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

“நாப்பது தாண்டினா எல்லாருக்கும் குறையும். அது எங்களுக்கே தெரிய வராது. கண்ணாடி ஒண்டு வாங்கிப் போடு.”

கமலாம்பிகை நிரந்தரமானாள். மூன்று ஃபேக்டரிக்கும் சீடி போனது. அந்த இடங்களில் தமிழை அழுத்திய பெண்களில் அநேகமாக எல்லோரும் பாஸ் ஆனார்கள். ஊய் அதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். குணவதி சௌராஸ்தா பாசாருக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு மங்கு கழுவப் போனாள். கழுவிய மங்கில் ஒட்டியிருக்கிற ஒரு சோற்றுப் பருக்கையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று கடைக்காரர் முகம்மது சுல்தான் எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை லிஃப்ட் கெட்டுப்போய்க் கமலாம்பிகை படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். குணவதி தன் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் கறுப்புச் சட்டம் போட்ட தடித்த கண்ணாடி. நடைபாதையில் குவித்து விற்கிறவனிடம் எடுத்தது.

“எப்படி இருக்குக்கா? டீச்சர் மாதிரி இல்ல?”

“நல்லா இருக்கு.”

“போட்டா எல்லாம் கலங்குதுக்கா. படி எங்க இருக்குன்னே தெரியல. தலை வேற வலிக்குது. கழட்டினா பளிச்சுனு தெரியுது. இது என்னா கூத்துன்னு தெரியல.”

“புதுசில அப்பிடித்தான் இருக்கும். பழகப் பழகச் சரியாகும்.”

“அப்படியா? சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்.”

குணவதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தால் துழாவித் துழாவி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரு திருப்பத்தில் கால் இடறிற்று. சுவரில் கையை ஊன்றி நின்று, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடப் போனாள். மேலே நின்ற கமலாம்பிகை அதைப் பார்த்தாள்.

“கழட்டாதே, குணவதி” என்றாள், தெளிவாக.

குணவதி அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் அதை மாட்டிக்கொண்டாள்.